தொண்டிப் படகு, காரைக்குடிப் பட்டறை

மே 5

தொண்டியிலிருந்து பழுது பார்க்க ஒரு ஃபைபர் படகு வந்து இறங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்கிற பட்டறைக்குப் படகு எதற்கு என்று தெருவே விசாரிக்கிறது. கண்ணாடி இழையோடு சேர்த்து இறுக வைக்கும் பிசின்தான் ரெசின். நமக்கு ரெசின் என்றால் ரெசின்தான், தொட்டியானால் என்ன, படகானால் என்ன.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். இது நாட்டுப்படகு, தடை இல்லை. பெரிய படகுகள் கரையில் கிடக்கிற இந்த நாட்களில்தான் படகுக்காரர் சம்மாட்டியண்ணனின் மீனுக்கு விலை. அதனால் சம்மாட்டியண்ணன் லாரியை விட்டு இறங்கிய கையோடு கேட்டார்: "எப்பத் தம்பி தருவ?"

தரைப்பலகையைக் கழற்றிவிட்டு, அடியில் நெடுக ஓடும் ஸ்ட்ரிங்கர்களை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனோம். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் தொப்பு தொப்பென்று சத்தம். மேல் ஃபைபரை அறுத்தால் உள்ளே பிளைவுட் கறுத்து ஊறிக் கிடக்கிறது. உளி தேவைப்படவில்லை, விரலாலேயே பிசைந்து எடுத்தோம். பலகைக்கு அடித்த திருகுத் துளைகள்தான் தண்ணீர் போன வழி. எவர்சில்வர் திருகுகூட காற்றுப் படாமல் ஈர மரத்துக்குள் கிடந்தால் அரித்துப்போகும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி 1953 முதல் அரிப்பை ஆராய்ந்துகொண்டிருக்கிற ஊரில் இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மே 7

ஆசாரி ஒரே பிடியாகப் பர்மா தேக்கு என்கிறார். முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீட்டு உத்திரம் கிடைக்கும், நூறு வருஷம் கரையான் தொடாத மரம் என்று. அந்த மரத்தின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் ஸ்ட்ரிங்கருக்கு அது வீண். இங்கே பளுவைச் சுமப்பது மேலே சுற்றும் கண்ணாடி இழைதான், மரம் அதற்கு உருக்கொடுக்கிற அச்சு. போதாக்குறைக்குத் தேக்கில் எண்ணெய்ப் பசை; அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டாவிட்டால் பிடிமானம் சந்தேகம்.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், இரண்டு தாள் சேர்த்து ஒட்டி ஒரு சட்டம். முடிவு செய்தாயிற்று. ஆசாரிக்கு முகம் சுண்டிவிட்டது.

மே 8

சட்டத்தைப் படகின் பழைய ஃபைபரில் எதனால் ஒட்டுவது? இன்று முழுக்கப் பசைப் பஞ்சாயத்து.

ஆசாரி கட்சி ஃபெவிகால் மரைன். வீட்டு மர வேலைக்கு நல்ல சரக்கு. ஆனால் மரத்துக்குள் ஊறிப் பிடிக்கிற பசை அது. இறுகிப்போன ஃபைபரில் ஊற இடம் ஏது? இடைவெளியையும் நிரப்பாது.

சம்மாட்டியண்ணன் கட்சி பாலியஸ்டர் ரெசின். "கட்டுனதே அந்த ரெசின்லதானே தம்பி, அதையே போடு, விலையும் கம்மி." நியாயமான கேள்வி. கட்டும்போது ஒரு பூச்சு முழுதாக இறுகுமுன் அடுத்ததைப் போட்டிருப்பார்கள், இரண்டும் சேர்ந்து ஒரே உடம்பாகிவிடும். இப்போது அது வருஷக்கணக்கில் இறுகிய பழைய ஃபைபர். புதுப் பாலியஸ்டர் அதன் மேல் தேய்த்த கீறல்களைப் பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இறுகும்போது நன்றாகச் சுருங்கவும் செய்யும், அந்தச் சுருக்கம் ஒட்டின விளிம்பை இழுக்கும். என் கட்சி எபாக்ஸி, ஹார்ட்னர் கலந்து இறுக வைக்கும் இன்னொரு ரெசின். அது அதிகம் சுருங்காது, மரத்தையும் பழைய ஃபைபரையும் ஒருசேரப் பிடிக்கும். வினைல் எஸ்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சரக்கு. ஆனால் அதன் ஆயுள் சில மாதம்தான். இந்த வெயிலில், கடைக்காரர் எப்போது வாங்கி வைத்தாரோ அந்த டின்னை நம்ப நான் தயாராக இல்லை.

பாலியஸ்டரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். என் தொட்டிகள் எல்லாம் அதில்தான். விலையும் எபாக்ஸிக்குப் பக்கத்தில் வராது.

எபாக்ஸி என்று முடிவான பிறகு இன்னொரு சங்கதி. பட்டறையில் கட்டுக்கட்டாக இருக்கும் சாதா கண்ணாடி இழை மேட்டை, அதாவது துண்டு இழை விரிப்பை, இதற்குப் போட முடியாது. அந்த இழைகளைக் கோத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் பட்டால்தான் கரையும். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, மேட் விறைத்துக்கொண்டு மூலையில் படியாது. நெய்த துணி மதுரையிலிருந்து வர வேண்டும்.

சம்மாட்டியண்ணன் கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி: "நாளைக்கு நானே ஒட்டுப் போட்டா பிடிக்குமா?" பாலியஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸி மேல் பாலியஸ்டரை நம்ப முடியாது, சில நேரம் பிசுபிசுவென்று இறுகாமலே நிற்கும். வெளிப்புறத்தை நான் தொடவில்லை, அங்கே வழக்கம்போல் செய்யலாம். உள்ளே என்றால் எபாக்ஸிதான்.

மே 11

கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே ரெசின் டின்னே சுடுகிறது.

பையன் பாலியஸ்டரில் பழகிய கை. சூட்டுக்குக் கேட்டலிஸ்டைக் குறைப்பதுபோல ஹார்ட்னரையும் குறைக்கலாமே என்கிறான். கூடாது. பாலியஸ்டரில் அது தூண்டிவிடும் மருந்து, நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் ஹார்ட்னரும் ரெசினோடு சேர்ந்து இறுகுகிற பங்காளி. நான் வாங்கியதற்கு எடையில் 100-க்கு 10 என்றால் 10-தான். நேரம் வேண்டுமென்றால் மெதுவான ஹார்ட்னர் வாங்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் பரப்பி வைக்க வேண்டும். குவளையில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்துவிடும்.

(பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: பாலியஸ்டர் இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். இங்கே இரண்டும் வேறு வேறு அலமாரி.)

அடுத்தது, எபாக்ஸியில் கலந்து புட்டியாக்கும் நிரப்புத் தூள். மைக்ரோபலூன் என்பது உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைத் தூள், பஞ்சுபோல லேசு, வழுவழுவென்று தேய்க்க வரும். வெளிப்பள்ளத்தைச் சமன் செய்யச் சரி, பளு தாங்காது. டால்க் ஈரம் இழுக்கும். முன்பு யாரோ மூலைகளில் அப்பியிருந்த கார் புட்டி அதுதான், நகத்தால் பெயர்ந்து வந்தது. சட்டத்துக்கு அடியிலும் மூலையிலும் சிலிக்கா தூள், கூடவே பொடியாக வெட்டிய கண்ணாடி இழை கொஞ்சம். இறுகினால் தேய்ப்பதற்குள் கை விட்டுப்போகும், ஆனால் அங்கே வேண்டியது பலம். உளுந்து வடை மாவுப் பதம் வர வேண்டும், கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. சிலிக்கா மூக்குக்குள் போகிற தூள். முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்க யாரையும் விடவில்லை.

மே 12

பிளைவுட்டுக்கு முதல் பூச்சைச் சாயங்காலம்தான் கொடுத்தோம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழ் குமிழாகக் கிளம்பும். வெயில் தாழ்ந்தபின் பூசினால் மரமே ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெட்டு விளிம்புகள் குடித்துக்கொண்டே இருந்தன.

மே 13

மாலையில் சட்டம் வைத்தாயிற்று. அடியில் புட்டி விரித்து அதன் மேல் உட்கார வைத்தோம், அழுத்தி நசுக்கவில்லை. மரம் நேராக ஃபைபரில் முட்டினால் அலை அடிக்கும்போது அந்த ஒரே இடத்தில் அடி விழுந்து வெளியே விரிசல் காட்டும். பக்கவாட்டில் பிதுங்கியதை வளைந்த பட்டையால் இழுத்து மூலையை உருட்டினோம். நேர்மூலையில் துணி மடியாது, பின்னால் காற்று நிற்கும். புட்டி இறுகுமுன்னே துணி. அடுத்த துணி முந்தியதை விட ஓர் அங்குலம் அகலம்.

மே 16

எபாக்ஸி இறுகியபின் மேலே மெழுகுபோல ஒரு படலம். தண்ணீர் விட்டு ஸ்காட்ச்பிரைட்டால் கழுவித் துடைத்துத் தேய்த்த பிறகே பெயிண்ட்.

தரைப்பலகைத் திருகுகளுக்குப் பெரிதாகத் துளை போட்டு, புட்டியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சின்னத் துளை. இனி திருகு மரத்தைத் தொடாது.

மிச்ச ரெசினைச் சம்மாட்டியண்ணன் கேட்டார். கொடுத்தேன், ஒரு தராசும் வாங்கிக்கொள்ளச் சொல்லி.