ஊருணிக்கு முன்னால் வரத்துக்கால்

சிவகங்கை மாவட்டத்தில், மழையை மட்டுமே நம்பியிருக்கும் எங்கள் ஊரில், இளைஞர் நற்பணி மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் ஒவ்வொரு சித்திரையிலும் கோவில் திண்ணையில் நடக்கிறது. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். என்னென்ன செய்யலாம் என்று கேட்டவுடன் மரக்கன்று நடுதல், ரத்ததான முகாம், கோவில் குளத்தைச் சுத்தம் செய்தல் என்று அவர்கள் அடுக்கியதைக் கேட்டபோது, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்களும் இப்படித்தான் தொடங்கினோம் என்பது நினைவுக்கு வந்தது.

அந்த முதல் ஆண்டில், மழைநீர் சேரும் ஊர்க்குளமான ஊருணியைத் தூர் வாருவது என்று முடிவு செய்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக இறங்கி, உள்ளே மண்டிக் கிடந்த சீமைக் கருவேல மரங்களை வெட்டி, படித்துறையை மூடியிருந்த மண்ணை அள்ளிக் கரையில் கொட்டினோம். ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் ஊருணியில் முழங்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் சேரவில்லை. ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, "ஏப்பா, சட்டியக் கழுவி வச்சிட்டீங்க, தண்ணி வர்ற பாதையப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அவர் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தபோது, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள வரத்துக்கால் மூன்று இடங்களில் அடைபட்டிருந்தது. நாங்கள் தரையோடு வெட்டிவிட்டு வந்த கருவேலமோ அடுத்த கோடைக்குள் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. அந்த மரத்தை வேரோடு பிடுங்கினால் ஒழிய அது போகாது என்பதை ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் திட்டமிடல் திண்ணையில் தொடங்குவதில்லை. எந்த வேலையானாலும் அந்த இடத்தை நன்கு அறிந்த ஒரு பெரியவரை முன்னால் விட்டு, மன்றத்தினர் பின்னால் நடந்து, பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே கூட்டம் போடுகிறோம். நீர்நிலை என்றால் மழைநீர் முதலில் சேரும் மேட்டிலிருந்து, நிரம்பிய நீர் வெளியேறும் கலுங்கு வரைக்கும் நடந்தாக வேண்டும்.

அடுத்தது அனுமதி. ஊருணி ஊர்ச் சொத்துதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஊராட்சிக்குத் தெரியாமல் மண்ணில் கை வைத்தால் நல்ல நோக்கம்கூட வழக்கில் போய் முடியலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. மே 1 கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறினால் மழைக்கு முன் வேலையை முடிக்கலாம். அதைத் தவறவிட்டு ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கையில் ஏறக்குறைய இரண்டு மாதங்களே மிஞ்சும். ஆகவே சித்திரைக் கூட்டத்தின் முதல் வேலை தீர்மானத்துக்கான விண்ணப்பம் எழுதுவதுதான்.

ஆள் கணக்கையும் மனதில் வைக்க வேண்டும். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும்தான் அவர்கள் ஊரில் இருப்பார்கள். ஆகவே உடல் உழைப்பு வேலைகளை ஆடியில் வைத்திருக்கிறோம்.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது பராமரிப்பைப் பற்றித்தான். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது கொட்டைகளைச் சேகரித்துக் கரையில் பத்தடிக்கு ஒன்றாகப் புதைப்பது ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் பனை முதலில் கீழே கிழங்கு இறக்கும்; ஓலை மேலே தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும். அது காய்ப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அதுவரை கரையில் மண் வெட்டுபவர்களிடமிருந்தும், கோடையில் காய்ந்த புல்லுக்கு வைக்கும் தீயிலிருந்தும் யார் காப்பாற்றுவது? கரையை ஏழு பங்காகப் பிரித்து, பங்குக்கு இரண்டு பேர் என்று பெயர் எழுதி, அவர்கள் வெளியூர் போனால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதே நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம். பெயர் எழுத ஆளில்லாத வேலையை அந்த ஆண்டு எடுப்பதில்லை.

ரத்ததான முகாமைப் பற்றி ஒன்று மட்டும். 18 வயது நிரம்பி, 45 கிலோ எடைக்குக் குறையாமல், நலமாக இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாத இடைவெளியும் பெண்கள் நான்கு மாத இடைவெளியும் விட வேண்டும். கல்லூரிகள் மூடியிருக்கும் மே மாதத்தில் கொடையாளர்கள் குறைந்துவிடுவார்கள் என்பதால், தலைவர்களின் பிறந்தநாளில் முகாம் நடத்தும் வழக்கத்தை விட்டுவிட்டு, ரத்த வங்கியிடம் கேட்டுத் தேதி குறிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இந்த ஆண்டுக்கான வேலை முடிவாகிவிட்டது. வரத்துக்கால் சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள குழாய்ப் பாலம் பாதிக்கு மேல் மண் மூடிக் கிடக்கிறது. அதைத் தோண்ட எத்தனை ஆள் வேண்டும் என்று பார்க்க, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதியவர்கள் அனைவரும் ஊருணிக் கரைக்கு வருகிறார்கள். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.