அந்தப் பக்கம் ஒரு ரூம்

"மகனுக்குக் கல்யாணமானா இந்தச் செவத்த ஒடச்சு அந்தப் பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கலாமா தம்பி?"

வீட்டுக்கார அக்கா கேட்டார். "தாராளமா எடுக்கலாம்க்கா" என்றான், அந்த வீட்டுக்குப் படம் போட்ட எங்கள் நாலாம் ஆண்டு மாணவன். கலவை போட்டுக்கொண்டிருந்த கொத்தனார் நிமிராமலே "எடுக்க முடியாது" என்றார். இரண்டு பதிலும் சரி. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அரசின் வீட்டுத் திட்டமான கலைஞர் கனவு இல்லத்தின் கணக்கு தெரிந்ததுதான்: 360 சதுர அடி, அதில் 300க்கு கான்கிரீட் கூரை, 3.5 லட்சம் ரூபாய். அதற்குள் முடிக்கத்தான் மாணவர்கள் 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) என்ற செங்கல் கட்டு முறையைப் பிடித்தார்கள். கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவே 3 அங்குல இடைவெளி, அடுத்து குறுக்கே ஒரு கல். சுவர் அதே 9 அங்குலம். கால்வாசிக் கல் மிச்சம் என்பார்கள். ஆனால் மூலை, நிலை ஓரம், பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் வரி, ஜன்னல் அடி, லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) அடி எல்லாம் இடைவெளி இல்லாமல் கெட்டியாகத்தான் வர வேண்டும். சின்ன வீட்டில் இவையே சுவரில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கல் அளவு ஒழுங்காக இல்லாவிட்டால் மிச்சமான காசு கலவையில் போய்விடும்.

இந்தச் சுவரைப் பின்னால் உடைத்தால் இடைவெளி வாய் பிளந்து நிற்கும், குறுக்குக் கல் ஆட்டம் காணும். கொத்தனார் சொன்னது அது. மாணவன் சொன்னதும் நடக்கும், இன்றைக்கே தயார் செய்தால். பின்னால் வரும் வாசலுக்கு 3 அடிக்கு 7 அடி இடம் குறித்து, இரு ஓரமும் கெட்டியாக ஏற்றி, சுற்றி ஓடும் லிண்டல் பெல்ட்டில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் அடிக்கம்பி கொடுக்க வேண்டும். நடுவில் 1:8 என்ற பலம் குறைந்த சிமென்ட் கலவையில், ஓரக் கற்களோடு கோக்காமல் நேர் மூட்டாக அடைத்துவிடலாம். பின்னால் கல் தனியாகக் கழன்று வரும். ஆனால் அந்த மூட்டுவழியே பூச்சு விரியும். வேலையைப் பார்த்து பில் போட வருகிறவர் விரிசல் என்று எழுதுவார். அதைத் தடுக்கப் பூச்சில் அந்த மூட்டின் மேலேயே ஒரு காடி (பள்ளக் கோடு) விட வேண்டும். புது வீட்டுச் சுவரில் எதற்கு இந்தக் கோடு என்று வீட்டுக்காரர் கேட்பார்.

அப்படியே செய்யச் சொன்னேன். குடும்பம் பெருகும் வீட்டில் கேட்டதற்கு வழி வைப்பது வேலையின் பகுதிதான். ஆனால் பையனுக்கு வயது 11. அவன் மாடி எடுக்க நினைக்கலாம், ஊரைவிட்டே போகலாம். நாங்கள் படத்தைக் கொடுத்துவிட்டு செமஸ்டர் முடிந்ததும் கிளம்பிவிடுவோம். பூசியபின் அந்தக் காடி எதற்கென்று கொத்தனாருக்குத்தான் தெரியும், அன்றைக்கு உடைக்க வருபவர் அவராக இருக்க வேண்டுமே. "தாராளமா" என்று சொல்லும்போது இவ்வளவும் மாணவன் வாயில் இல்லை. இருந்திருந்தால் அந்த அக்கா கேள்வியையே விட்டிருப்பார்.

இனி எல்லா வீட்டிலும் கேட்பதற்கு முன்பே வாசல் இடம் குறித்துவிடலாம் என்கிறார்கள் மாணவர்கள். கொத்தனாரோ, அந்தப் பக்கச் சுவர் முழுக்கக் கெட்டியாகவே கட்டிவிட்டால் என்ன என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் செலவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.