மாமாவின் தேன்நிறக் கோல்

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர் வழியின் கடைகளும் நெரிசலும் இங்கே கிடையாது. யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். குந்தா மின்திட்டத்தின் பெரிய குழாய்கள் மலைச்சரிவோடு நேராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்கு இந்த வழி பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. நான் வளர்ந்தது சத்தியமங்கலத்தில், பவானிக் கரையில். குந்தா ஆறு பவானியில்தான் வந்து சேர்கிறது. சின்ன வயதில் நான் தூண்டில் போட்ட தண்ணீர் எங்கிருந்து வந்ததோ, அங்கே போகிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு வளைவிலும் கூடவே வரும்.

இந்த முறை போனது மாமா தன் பழைய தூண்டில் கோலுக்காகக் கூப்பிட்டதால். "கோல்ல ஒரு வளையம் கழண்டு போச்சு கண்ணு. எனக்கு நூலு தெரிய மாட்டேங்குது. உன் கண்ணு கொஞ்சம் வேணும்" என்றார் போனில். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இலை வாடியதை விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நூல் தெரியவில்லை என்றது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

அந்தக் கோலை நான் பத்து வயதில் முதன்முதலாகப் பார்த்தேன். எஸ்டேட்டை விட்டு ஊருக்குப் போன துரை ஒருவர், 1970களில், மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. எட்டடி நீளம், இரண்டு துண்டு. துணிப் பையிலிருந்து எடுத்து அடித்துண்டையும் நுனியையும் செருகும்போது 'ட்டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். கைப்பிடி தக்கையில் செய்தது; மாமாவின் கட்டை விரல் பட்ட இடம் மட்டும் கறுத்து வழவழவென்று குழிந்திருக்கும். கம்பெனிப் பெயர் அழிந்துபோய்விட்டது. 8 அடி, 6 ஆம் நம்பர் கயிற்றுக்கானது என்பது மட்டும் தெரியும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் கோலுக்குள் புகுந்து வரும். அப்போது அது மலைத்தேன் நிறம். இப்போது வரும் கார்பன் கோல்கள் எவ்வளவு விலை கொடுத்தாலும் வெளிச்சத்தை உள்ளே விடாது.

மாமாவின் கோல் ஃபைபர் கிளாஸில் செய்தது. ஃபைபர் கிளாஸ் என்று நாம் சொல்வது கண்ணாடி இழைதான். கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து, நுனி சிறுத்த இரும்புக் கம்பி ஒன்றின் மேல் சுற்றி, அதன் மேல் செலஃபேன் நாடாவை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேக வைப்பார்கள். வெந்தபின் கம்பியை உருவினால் உள்ளே கூடான குழல் கிடைக்கும். மாமாவின் கோலில் அந்த நாடாவின் தடம் தேய்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால், பனைமரத்து வரிகள் போலச் சின்னச் சின்ன மேடுகள் சுருளாக ஏறிப்போவது தெரியும். அதைத் தடவிப் பார்ப்பதற்கென்றே நான் அதைக் கையில் வாங்குவேன்.

ஆற்றங்கரைத் தூண்டில் எனக்குப் பழக்கம். மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை முங்கினால் இழு, அவ்வளவுதான். இந்தக் கோலின் வேலை வேறு. இதில் புழு கிடையாது. முள்ளின் மேல் இறகும் நூலும் கட்டிச் செய்த ஒரு பொய் ஈ. அதற்கு எடையே இல்லை, எறிந்தால் காற்றில் நின்றுவிடும். அதனால் எறிவது ஈயை அல்ல, அதைக் கட்டியிருக்கும் தடித்த கயிற்றை. 6 ஆம் நம்பர் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 10 கிராம். அந்தப் பத்து கிராம் பின்னால் போய் நீளும்போது கோலை வளைக்கும். வளைந்த கோல் நிமிரும்போது கயிறு முன்னால் போகும்.

கண்ணாடிக் கோல் மெதுவாக வளையும். அதுவும் நுனி மட்டுமல்ல, கைப்பிடிக்குப் பக்கம் வரைக்கும். பின்னால் போன கயிறு முழுதாக நீளும்வரை காத்திருக்காவிட்டால் முன்னால் வந்து காலடியில் சுருண்டு விழும். கார்பன் விறைப்பானது, அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும், தூரமும் போகும். ஆனால் நீலகிரி ஓடைகளில் தூரம் யாருக்கு வேண்டும்? பல இடங்களில் அக்கரை பதினைந்தடிதான். அந்தக் கிட்டத்தில் விறைத்த கோல் வளையவே வளையாது, பிடித்திருப்பது ஒரு குச்சி போல இருக்கும். கண்ணாடியோ அரைக் கிலோ மீனுக்கும் அடிவரை வளைந்து, மீனின் ஒவ்வொரு தலையாட்டலையும் உள்ளங்கையில் கொண்டுவந்து கொடுக்கும். கயிற்று முனையில் ஈயைக் கட்டும் மெல்லிய நரம்பும் அறுபடாது. பழையது என்பதால் மட்டும் எனக்கு இதன்மேல் ஆசை வரவில்லை. இந்த ஓடைகளுக்கு இதுதான் பொருத்தம் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

கண்ணாடிக் கோலின் பிறப்பே ஒரு முறிவிலிருந்துதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்தர் ஹோவால்ட் என்ற அமெரிக்கர் தன் மூங்கில் கோலின் நுனி ஒடிந்துபோக, தான் வேலை பார்த்த இடத்தில் புழங்கிய கண்ணாடி இழையிலும் பிசினிலும் மாற்று நுனி செய்துகொண்டார். போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே ஷேக்ஸ்பியர் கம்பெனி அவர் முறையில் வொண்டர்ராட் என்ற வெள்ளைக் கோலை விற்றது. கோல் செய்ய ஏற்ற டோங்கின் மூங்கில் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1950இல் அமெரிக்கா சீன வர்த்தகத்தைத் தடுத்ததும் கண்ணாடி முழுதாகப் பிடித்துக்கொண்டது. 1973இல் ஃபென்விக் கம்பெனி கார்பன் கோல் கொண்டுவந்ததோடு கண்ணாடியின் காலம் சுருங்கிவிட்டது. ஆனாலும் இன்றும் ஸ்காட், ஆர்விஸ் போன்ற கம்பெனிகள் கண்ணாடிக் கோல் செய்கின்றன.

சரி, வளையத்துக்கு வருகிறேன். சாயங்காலமே ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டோம். கயிறு ஓடும் வளையங்களைக் கோலில் ஒட்டுவதில்லை. வளையத்தின் காலைக் கோலோடு வைத்து நூலால் சுற்றி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். பழைய நூல் இற்றுப்போயிருந்தது. புடவைக்குக் குஞ்சம் கட்ட வைத்திருந்த மெரூன் பட்டு நூலை அத்தை எடுத்துக் கொடுத்தார். மாமா கோலை உருட்ட, நான் நூலை இறுக்கிப் பிடித்தேன். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன் தனி நூலில் ஒரு கண்ணியை அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றி முடித்து நூலின் முனையை அந்தக் கண்ணியில் கோத்து இழுத்தால், முனை சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடும். முடிச்சே கிடையாது. மாமா விரலை ஓட்டிப் பார்த்து, "நடுவுல ஒரு எடத்துல ஏறியிருக்கு, பிரி" என்றார். எனக்குத் தெரியவில்லை. லைட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால், இருந்தது. பிரித்து மறுபடி சுற்றினோம். மூன்றாவது முறையில்தான் தலையாட்டினார்.

வார்னிஷ் காய இரண்டு நாள். மறுநாள் எடக்காடு, எமரால்டு வழியாக அவலாஞ்சி பக்கம் போய்வந்தேன். நீர்த்தேக்கத்துக்கு மேலே சோலையும் புல்வெளியும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் இது. சரிவுகளில் மண் சரிந்த தடங்களை டிரைவர் காட்டினார். மாமா இந்தக் கோலில் பிடித்த டிரவுட் இந்த மலையின் சொந்த மீன் இல்லை. 1860களில் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை. 1907இல் மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தபின்தான் வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் அதற்கு வேண்டும். எங்கள் பவானிக்கு இறங்கினால் பிழைக்காது. மாமாவும் நண்பர்களும் மீன்துறையில் லைசென்ஸ் எடுத்துப் பிடித்த காலம் ஒன்று உண்டு. பக்கத்திலிருக்கும் முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்கா ஆனது. இன்று காட்டு ஓடைகளில் நினைத்தபடி போய்க் கோலை வீச முடியாது. வரையாடு மேய்கிற மலை அது. அப்படி இருப்பதுதான் நியாயம் என்றே நினைக்கிறேன். கோலைக் கொண்டுபோகாமல் கரையில் சும்மா நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குக் கீழே இருக்கும் புல்தரையில் கோலைப் பூட்டினோம். முள் வேண்டாம் என்று கயிற்று முனையில் சிவப்புக் கம்பளி நூலைக் குஞ்சமாகக் கட்டினார் மாமா. அத்தையின் நீல பேசினை முப்பதடி தள்ளி வைத்தோம். முதலில் நான் வீசினேன். "அவசரப்படாத கண்ணு. பின்னால போனது நீளட்டும். கையில கனம் தெரியும், அப்ப வா" என்று பக்கத்திலேயே நின்றார். ஏழெட்டு வீச்சுக்கு அப்புறம் அந்தக் கனம் தெரிந்தது. பின்னாலிருந்து யாரோ மெல்ல இழுத்துவிட்டு விடுவதுபோல.

கோலை அவரிடம் கொடுத்தேன். கறுத்த குழிக்குள் அவர் கட்டை விரல் போய் உட்கார்ந்தது. முழங்கை உடம்பை விட்டு விலகவே இல்லை. கயிறு பின்னால் போய் நீண்டது, ஒரு கணம் நின்றது, முன்னால் உருண்டு விரிந்தது. மெரூன் சுற்று வெயிலில் ஒருமுறை மின்னியது. பேசின் இருக்கும் திசையைப் பார்த்தபடியே நின்றார்.

"எங்க விழுந்துச்சு?"

"பேசினுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் மாமா."

"சரி" என்று கயிற்றை மறுபடி பின்னால் எடுத்தார்.