புதுக் குடலா, புது உட்சுவர் மட்டுமா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் குடல் அழுகிப்போகிறது, இல்லையென்றால் குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. உயிரைக் காப்பாற்ற சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். அப்புறம் எவ்வளவு பால் குடித்தாலும் உடம்பில் ஒட்டாது. சத்தெல்லாம் மெல்லிய குழாய் வழியாக நேராக ரத்தத்தில் ஏற வேண்டும். 1960களின் கடைசியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் இந்த முறையைக் கொண்டுவராவிட்டால் இவர்களில் பலர் பிழைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் வருடக்கணக்கில் அதையே நம்பியிருந்தால் குழாயில் கிருமி தொற்றும், ஈரல் கெடும், குழாய் செருக நல்ல ரத்தக்குழாயே மிஞ்சாத நிலைகூட வரும். மாற்றுக் குடல் பொருத்தலாம்தான், உடம்பு அதை லேசில் ஏற்காது.

அதனால்தான் குழந்தையின் சொந்த செல்லிலிருந்தே குடல் வளர்க்கப் பார்க்கிறார்கள். 2020இல் லண்டன் குழு ஒன்று, குடல் செயலிழந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த சிறு பயாப்சித் துணுக்குகளின் ஸ்டெம் செல்களை, அதாவது பெருகி மற்ற வகைக் குடல் செல்களாக மாறக்கூடிய செல்களை, பெருக்கி, செல்களையெல்லாம் கழுவி நீக்கிய குடல் சட்டகத்தின் மேல் வளரவிட்டது. செரிக்கும் வேலையையும் உறிஞ்சும் வேலையையும் அந்தத் திசு செய்தது. பெரிய விஷயம். ஆனால் உட்சுவர் மட்டும் குடல் ஆகிவிடாது, உணவைத் தள்ள தசை வேண்டும், எப்போது தள்ளுவது என்று சொல்ல நரம்பு வேண்டும், சத்தைக் கொண்டுபோக ரத்தக்குழாய் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் தோஷிரோ சாட்டோ குழு 2021இல் எலிகளில் செய்து காட்டியதுதான். இந்த நோயாளிகள் பலருக்குப் பெருங்குடல் அப்படியே இருக்கிறது, தசை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் தயாராக. எனவே பெருங்குடல் துண்டு ஒன்றின் உட்சுவர் செல்களை மட்டும் உரித்துவிட்டு, சிறுகுடல் ஆர்கனாய்டுகளை, அதாவது ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குட்டிக் குடல் திசுக்களை, அங்கே விதைத்தார்கள். பெருங்குடலில் இருக்கவே இருக்காத குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) அங்கே முளைத்தன, கொழுப்பைக் கடத்தும் நிணநீர்க் குழாய்கள்கூட அவற்றுக்குள் தாமாக வளர்ந்தன! சிறுகுடலை இழந்த எலிகள் இதனால் பிழைத்தன.

எலிக்குப் போதுமான அளவும் குழந்தைக்குத் தேவையான அளவும் வேறு வேறு என்பது சரிதான், அவ்வளவு ஆர்கனாய்டுகளை வளர்ப்பதே பெரும்பாடு. இருந்தாலும் முழுநீளக் குடல் வேண்டியதில்லை, கொஞ்சம் கூடுதல் நீளம் கிடைத்தாலே குழாய் வழியாக ஏற்றும் நேரம் குறையும் என்பதால் இந்த வழிதான் முதலில் குழந்தைகளிடம் வந்து சேரும் என்று நம்புகிறேன். பிறவியிலேயே பெருங்குடலில் நரம்பு செல்கள் இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் இது உதவாது, அவர்களுக்கு நரம்போடு சேர்த்தே வளர்த்தாக வேண்டும்.