வள்ளத்தின் பெயர் எங்கே தொலைகிறது?

மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனிக்குக் கொள்முதல் பார்க்கிறேன். பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டு வெந்து, சதை பிரிந்து, டின்னில் அடைபட்டு வெளிநாடு போகிறது. சர்வதேச விநியோகச் சங்கிலி என்றாலே எல்லோரும் கப்பல், கண்டெய்னர் என்றுதான் பேசுகிறார்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபோது அவை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. சிரமம்தான். ஆனாலும் கப்பல் எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்த்துவிடலாம். நண்டு எந்த வள்ளத்தில், அதாவது எந்தச் சிறிய நாட்டுப்படகில் வந்தது என்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம், எந்தப் படகு பிடித்தது என்று காட்டும் மீன்பிடிச் சான்றிதழ் கேட்கிறது. 12 மீட்டருக்குக் குறைந்த, இழுவலை போடாத படகுகளுக்கு எளிய படிவம் உண்டு, பல படகுகளை ஒரே தாளில் சேர்க்கலாம். சரி, சேர்க்கப் படகு விவரம் வேண்டுமே? கரையில் வலையிலிருந்து நண்டை எடுக்கும்போதே அதை வாங்கும் ஏஜென்ட் நிற்பார். எடை போட்டதும் எல்லா வள்ளத்து நண்டும் ஒரே கூடைக்குள் போகும். செத்த நண்டின் சதை சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் உடனே வேகவைத்துவிடுவார்கள். எங்கள் வாசலுக்கு வரும்போது அது வெறும் எடைதான்.

ஏஜென்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் தருகிறவர் அவர்தான். மீனவர்களுக்கும் வேறு பயம். "தம்பி, வள்ளத்து நம்பர எழுதினா நாளைக்கு எல்லை தாண்டுனேன்னு கேஸ் வருமா?" என்று பாம்பனில் ஒரு பெரியவர் கேட்டார். இலங்கைக் கடல் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தக் கேள்வியை எப்படித் தட்டிவிட முடியும்?

இத்தனைக்கும் அந்த நம்பர் அவருக்கே அரண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. மே மாதச் சரக்கைப் பார்த்து "தடைக்காலத்தில் பிடித்ததா?" என்று வாங்குகிறவர் கேட்டால், வள்ளத்தில் வந்தது என்று காட்ட அந்த நம்பரை விட்டால் வேறென்ன இருக்கிறது?

இப்போது சில கரைகளில் வள்ளத்து நம்பரை எழுதி, கூடைக்கு ஒரு சீட்டு கட்டுகிறோம். எழுதுகிறவர்களுக்குக் கூலியும், வள்ளவாரியாகப் பிரித்து வைக்கும் ஏஜென்ட்டுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலும் தருகிறோம். இந்தச் செலவை மீனவர் விலையில் கழிக்கக் கூடாது, சான்று கேட்கிறவர்தான் தர வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் அதைத் தனிச் செலவாகவே எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.