காலுக்குள் கன்றுக்குட்டி

"டீச்சர், எங்கம்மா காலுக்குள்ள கன்னுக்குட்டி இருக்கா?"

ட்யூஷனுக்கு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை மருந்துச் சீட்டை நீட்டினாள். அவள் அம்மா எங்கள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கேரளத்தின் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். சரிவில் ஏறி இறங்கிக் கால்வலி. அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சீட்டில் 'காஃப் பெயின்' என்று இருந்தது. பிள்ளை அதைக் 'கால்ஃப்' என்று படித்து, அகராதியைப் புரட்டியிருக்கிறாள். முதல் பொருள், கன்று.

தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தானாகத் தேடிப் பார்த்த பிள்ளை.

"அம்மா வலியை எப்படிச் சொல்வாங்க?"

"கெண்டைக்கால் இழுக்குதும்பாங்க."

"கெண்டைன்னா?"

"மீனு..." என்றவள் குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தாள். டாக்டர் எழுதிய 'காஃப்' என்பதும் அதே கெண்டைக்கால்தான். இங்கிலீஷ்காரர்கள் காலில் கன்று, நம் காலில் மீன்!

அன்றைக்குப் பாடம் இதிலேயே போனது. தசையைக் குறிக்கும் மசில் என்ற சொல், 'சின்ன எலி' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கையை மடக்கி நீட்டச் சொன்னேன். தோலுக்கடியில் எலி ஓடுவதை எல்லாரும் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மவுஸும் எலிதான். 1968-ல் அதை உருவாக்கிய எங்கல்பார்ட் மேடையில் இயக்கிக் காட்டியபோதே அந்தப் பெயர் இருந்தது. கிரேன் என்றால் இவர்களுக்கு மலைப்பாதையில் கவிழ்ந்த லாரியைத் தூக்குவதுதான். நீளக் கழுத்துப் பறவையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது, மானைக் குறிக்கும் 'டியர்'. பழைய ஆங்கிலத்தில் அது எல்லா விலங்குக்கும் பொதுப்பெயர்; பிறகு மானுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. வடமொழியில் மிருகம் என்றால் விலங்கு, மான் இரண்டும். நாமும் மலையாளிகளும் விலங்கு என்பதை எடுத்துக்கொண்டோம். ஆனால் மிருகசீரிட நட்சத்திரத்தில் இருப்பது மான் தலைதான்.

கிளம்பும்போது அவள் மெல்லச் சொன்னாள். லீவில் அம்மாவுடன் தோட்டத்துக்குப் போனபோது, ஊர்ப்பெயரைக் கேட்டு மலையாளப் பிள்ளைகள் சிரித்தார்களாம். அவர்களுக்குப் பட்டி என்றால் நாய். எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.

"நமக்குப் பட்டின்னா ஆடுமாடு அடைக்கிற இடம், அப்புறம் ஊரு. அவங்ககிட்ட சொல்லு" என்றேன்.

"சொல்றேன் டீச்சர். கெண்டைக்கு அவங்க என்ன சொல்வாங்கன்னும் கேட்டுட்டு வர்றேன்."