உருவம் சரி, இடம் பிழை: வரைதல் தாள்கள் திரும்பி வந்த கதை

முதலாம் பருவத்தில் எனக்குத் திரும்பி வந்த வரைதல் தாள்கள் நான்கு. நான்கிலும் உருவம் சரி, அளவுகளும் சரி. புள்ளி போனது வேறு இடங்களில். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து இந்த வருடம் பொறியியலுக்கோ தொழினுட்பக் கல்லூரிக்கோ போகிறவர்களுக்கு அந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய அடி விழுந்தது கோணக் குழப்பத்தில். ஒரு பொருளின் முன், மேல், பக்கத் தோற்றங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பதற்கு முதற்கோணம், மூன்றாங்கோணம் என்று இரண்டு முறைகள் உண்டு. முதற்கோண முறையில், இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றம் முன் தோற்றத்துக்கு வலப்பக்கம் வரும். மேலிருந்து பார்த்தது கீழே வரும். மூன்றாங்கோணத்தில் எந்தப் பக்கமிருந்து பார்த்தோமோ அந்தப் பக்கத்திலேயே தோற்றம் நிற்கும். அமெரிக்க வீடியோக்கள் மூன்றாங்கோணத்தில் போகும், தமிழ்நாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் முதற்கோணத்தில் போகும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் கை குழம்பிவிடும். கேள்வியில் முறையின் பெயர் இல்லாமல் அதன் குறியீடு (ஒரு வெட்டிய கூம்பும் பக்கத்தில் இரண்டு வட்டங்களும்) மட்டும் இருந்தால், வெட்டிய கூம்பின் எந்த முனைப் பக்கம் வட்டங்கள் நிற்கின்றன என்று பாருங்கள். அகன்ற முனைப் பக்கம் என்றால் முதற்கோணம், சிறிய முனைப் பக்கம் என்றால் மூன்றாங்கோணம். பென்சில் எடுக்க முன்னமே இதைப் பார்த்துவிட வேண்டும்.

தமிழில் படித்து வந்தவர்களுக்குப் பெயர்களும் தடுக்கும். விரிவுரையில் 'பிளான்' என்றால் மேல் தோற்றம். வீட்டுப் பிளானோ காணிப் பிளானோ அல்ல. 'எலிவேசன்' முன் தோற்றம், 'என்ட் எலிவேசன்' பக்கத் தோற்றம். இவற்றையே 'டொப் வியூ', 'பிரன்ட் வியூ', 'சைட் வியூ' என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல் வாரத்திலேயே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூலைமட்டம் (செட் ஸ்குயர்). மலிவான பிளாஸ்டிக் மூலைமட்டம் 90 பாகை காட்டும் என்று நம்பி வரைந்த தாளில் நிலைக்குத்துக் கோடுகள் எல்லாம் சாய்ந்திருந்தன. வாங்கும்போதே கடையில் சோதியுங்கள்: நேர் விளிம்பு ஒன்றில் வைத்து நிலைக்குத்துக் கோடு போட்டு, மூலைமட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், தெரியும் இடைவெளியில் பாதிதான் உண்மையான பிழை. ஆனாலும் வாங்க வேண்டாம். டி-ஸ்குயரின் (கிடைக்கோடு போடும் 'T' வடிவ மட்டத்தின்) தலை ஆடுகிறதா என்றும் பாருங்கள். வலக்கைக்காரர் அதைப் பலகையின் இட விளிம்பில் மட்டும் வைக்க வேண்டும். மேல் விளிம்பில் வைத்தால், பலகையின் மூலை சரியான செங்கோணமாக இல்லாதபோது அந்தப் பிழை கோட்டுக்கும் வரும்.

தாள் வாங்கக் கண்டிக்குப் போன ஒரு பயணமும் வீண். கடையில் கொடுத்த வழுவழுப்பான பிரிஸ்டல் போர்டில் 2எச் பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை, அழித்த இடம் பளபளத்தது. 'காட்ரிஜ் தாள்' என்றே கேளுங்கள், விரலால் தடவிச் சொரசொரப்பையும் பாருங்கள்.

ஈரத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் அறைக்குள்ளேயே இருக்கும். இரவு ஒட்டிவிட்டுப் போன தாள் காலையில் அலை அலையாக எழும்பியிருந்தது. ஈரம் குடித்தால் தாள் நீளும், அதுவும் நெடுக்கும் குறுக்கும் ஒரே அளவில் நீளாது. நேற்றுப் போட்ட கோட்டோடு இன்றைய கோடு பொருந்தாததற்கு இதுதான் காரணம். ஒரு தாளின் மெல்லிய அமைப்புக் கோடுகளை ஒரே இருப்பில் முடித்துவிடுங்கள். தடித்த கோடுகளை மறுநாள் போடலாம், ஆனால் அதற்கு முன் டேப்பைக் கழற்றி, டி-ஸ்குயரோடு நேராக்கித் திரும்ப ஒட்டுங்கள்.

தடித்த கோடு போடும்போது வில்களும் வட்டங்களும் முதலில், நேர்கோடுகள் பிறகு. நேர்கோட்டை வில்லோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது சுலபம், வில்லை நேர்கோட்டோடு சேர்ப்பது கஷ்டம். கவராயத்தை அழுத்த முடியாது என்பதால், நேர்கோட்டுக்கு எச் பென்சில் என்றால் கவராயத்தில் அதைவிட மென்மையான எச்பி போடுங்கள். இல்லாவிட்டால் வட்டங்கள் மட்டும் வெளிறி நிற்கும்.



ஐசோமெட்ரிக் வட்டம், அதாவது பொருளின் மூன்று பக்கங்களையும் ஒரே படத்தில் சாய்த்துக் காட்டும்போது நீள்வட்டம்போலத் தெரியும் வட்டம், நான்காவது முயற்சியில்தான் வந்தது. வட்டத்தின் விட்டத்தைப் பக்கமாகக் கொண்ட சாய்சதுரம் போடுங்கள். விரிகோண மூலை ஒவ்வொன்றிலிருந்தும் எதிர்ப்பக்கங்கள் இரண்டின் நடுப்புள்ளிகளுக்குக் கோடு இழுங்கள். அந்த மூலைகள் இரண்டும் பெரிய வில்களின் மையங்கள். கோடுகள் வெட்டும் புள்ளிகள் இரண்டும் சிறிய வில்களின் மையங்கள். வில்கள் சேரும் இடம் நடுப்புள்ளியைத் தவறினால் சாய்சதுரத்தில்தான் பிழை, அதை முதலில் திருத்துங்கள்.

மறைந்த கோடுகள் (பார்க்கும் பக்கத்திலிருந்து தெரியாத விளிம்புகள்) மனதில் பிடிபடவில்லை என்றால் சலவைச் சவர்க்காரக் கட்டியில் அந்த உருவத்தைக் கத்தியால் வெட்டுங்கள். கண்மட்டத்தில் வைத்து ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எந்த விளிம்பு மறைகிறது என்பது தெரிந்துவிடும். எனக்குப் படிவெட்டுள்ள கட்டைகள் எல்லாம் அப்படித்தான் புரிந்தன.

முடித்த தாளை பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு வராதீர்கள். மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றும் இரண்டு மூடிகளும் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். வரைந்த பக்கத்தின் மேல் வெற்றுத்தாள் வைத்துச் சுருட்டிப் போட்டால், நெரிசலிலும் மழையிலும் தாளுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்தாவது தாள் அப்படித்தான் போனது, திரும்பி வரவில்லை.